கானை மூடாதீர்கள்: தாமான் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பின்சந்தில் யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதி சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டப் போகிறார்களாம். கான்ட்ராக்டர் போட்ட கோடு வீட்டு எல்லையைத் தாண்டி, பொதுக் கானையும் (கழிவுநீர், மழைநீர் ஓடும் வாய்க்கால்) தாண்டிப் போயிருந்தது. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு ஓடினேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் நின்ற மாதிரியே அந்தப் பெண்ணும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சந்தோஷமாக நின்றாள். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாறினாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட ‘தென்னமரம்’ என்ற தோட்டம் இந்தப் பக்கம்தான், 1917இல் நட்டார்கள். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, சேமநிதிப் பணத்தை எடுத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர்கள் எங்களில் நிறையப் பேர். இப்போது கோலாலம்பூர் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். இரு தரப்பும் செய்கிற தவறுகள் ஒன்றாகவே இருக்கின்றன. கதவைப் பூட்டுங்கள், பூச்சட்டியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் செய்து பட்டதை மட்டும் சொல்கிறேன்.

அமைதியான இடம் என்று யாரோடும் பேசாமல் இருப்பது

லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். என் அம்மா இரவில் இரண்டு தடவை இருமினால், விடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து இஞ்சித் தண்ணீர் வந்துவிடும். தாமானுக்கு வந்ததும் கிரில் கதவைச் சாத்திக்கொண்டு, "அப்பாடா, நம்ம வீடு" என்று இருந்துவிட்டேன். எட்டு மாதம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

காலை ஒன்பது மணிக்கு மேல் எங்கள் சாலையில் ஆள் நடமாட்டமே இருக்காது. எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டுப் பின்கதவை உடைத்து எரிவாயுத் தோம்பையும் அம்மாவின் குத்துவிளக்கையும் தூக்கிப் போன அன்று, நான்கு வீடு தள்ளி ஒரு தாத்தா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வீட்டுக்காரர்களே சாமான் மாற்றுகிறார்கள் என்று நினைத்தாராம். எங்கள் முகம் அவருக்குத் தெரியாது. அவரை எப்படிக் குறை சொல்ல முடியும்?

குடிவந்த முதல் வாரத்திலேயே இரண்டு பக்கமும், எதிர் வரிசையிலும் போய்ப் பெயரைச் சொல்லுங்கள். ருக்குன் தெத்தாங்கா என்கிற அக்கம்பக்கத்தார் குழு இருந்தால் சேருங்கள். 1975இலிருந்து நடக்கிற ஏற்பாடு அது; இரவு ரோந்து மட்டும் இல்லை, யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும் அதுதான் வழி. கெண்டூரிக்கு (மலாய்க்காரர் வீட்டு விருந்து) கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். சைவம் என்றால் சொல்லிவிட்டு, பழமும் பலகாரமும் சாப்பிட்டு வாருங்கள்.

பின்கானின் மேல் சமையலறை கட்டுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாது. தீபாவளிக்கு முறுக்குச் சுட அடுப்பை வெளியே தூக்கிப் போக வேண்டும். ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். "எல்லாரும் கட்டுறாங்க அக்கா. கானுக்கு மேல சிலாப் போட்டா உங்களுக்கு இன்னும் நாலு அடி கிடைக்கும். பிளான் எல்லாம் வேண்டாம், அது வீண் செலவு" என்றார். பதினெட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்). கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றும் கிடையாது.

என் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். எங்கள் பக்கம் தட்டையான தாழ்ந்த நிலம். கான் சரியாக ஓடாவிட்டால் செம்பனை வேர் நீரில் நின்று மரமே வாடிவிடும். முப்பது வருடம் முழங்கால் சேற்றில் நின்று வெட்டியவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மண்வெட்டி எந்தப் பக்கமா உள்ள போகும்?" நான் பதில் சொல்லவில்லை. லயத்துப் பேச்சு, தாமானுக்கு ஒத்துவராது என்று நினைத்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பதினோரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சிலாப்புக்கு அடியில் மண், காய்ந்த இலை, நெகிழிப் பை, கட்டும்போது கொட்டிய சிமெண்டுத் துண்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. எட்டிப் பார்க்க ஒரு துளைகூட விடாததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. நவம்பரில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிடித்த மழை ஆறு மணிவரை விடவில்லை. எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில் அப்படித்தான் பெய்யும். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டை முதலில் குமிழியிட்டது. அப்புறம் அதிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் மேலே வந்தது. எங்கள் வீட்டில் கணுக்கால் அளவு. கானில் தண்ணீர் வருகிற பக்கம் இருந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வீட்டில் முட்டிவரை. எங்கள் சிலாப்பில் முட்டிய தண்ணீர் முழுக்க அவர் சமையலறைக்குள் திரும்பிவிட்டது.

அவர் தையல்காரர். ஹரி ராயா பெருநாளுக்குப் பெண்கள் போடும் பாஜு குரோங் உடை தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தையல் இயந்திரத்தின் மோட்டார் நீரில் மூழ்கிக் கிடந்தது. நான் வாசலில் நின்று அழுதேன். "தாப்பா, தாப்பா" (பரவாயில்லை) என்று சொல்லிக்கொண்டே அவர் துணிக் கட்டுகளைப் பிழிந்து கிரில்லில் போட்டுக்கொண்டிருந்தார். பச்சைச் சாயம் அவர் முழங்கைவரை வழிந்தது. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்று வாரத்தில் ஊராட்சி மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வீட்டை இழுத்துக் கட்டக் கூடாது. பொதுக் கான் வேறு, நம் நிலமே இல்லை. இடித்தோம். இடிக்க நாலாயிரம், அக்காவின் இயந்திரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், சுவரைத் திரும்ப எழுப்ப இன்னொரு ஆறாயிரம். கான்ட்ராக்டர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. பணம் போனதை விட, அப்பா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் நின்று பதில் யோசிக்காததுதான் இன்னும் உறுத்துகிறது.

கட்டவே கூடாது என்று சொல்லவில்லை. உரிமம் உள்ள வரைவாளரை வைத்து பிளான் போடுங்கள். அதை ஊராட்சி மன்றத்தில் கொடுத்து அனுமதி வாங்குங்கள். பிறகு நாங்கள் முறையாகக் கட்டியபோது பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதக் கடிதமும் கேட்டார்கள். கடிதம் வாங்கப் போகும்போதே பாதிப் பிரச்சினை பேசித் தீர்ந்துவிடும். சுவர் உங்கள் எல்லைக்குள் நிற்கட்டும். அப்புறம், கூரையின் தூம்பைச் சாய்வு பார்த்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் புதுத் தூம்பில் தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவைக் கண்டுபிடித்து 500 வெள்ளி அபராதம் போட்டார்கள். ஏடிஸ் சாக்கடையை விடத் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி முட்டையிடும்.

காய்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்துவது

வேண்டாம். சட்டப்படியும் குற்றம். எங்கள் பக்கத்து ராஜா மூசா காட்டுப் பகுதி எல்லாம் கரிச்சதுப்பு மண். வறட்சியில் தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகையில் ஆஸ்துமா பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.

சப்பாத்தை (காலணியை) வெளியே விட்டு, குப்பைத் தொட்டியைத் திறந்து வைப்பது

செம்பனைப் பழம் என்றால் எலிக்கு உயிர். அதற்காகவே தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். கூகைக்குத் தப்பிய எலி தாமான் குப்பைக்கு வரும். எலிக்குப் பின்னால் நாகம் வரும். ஒருநாள் காலை ஆறரைக்கு மகன் பள்ளிக்கூடச் சப்பாத்தைக் காலால் இழுத்தான். உள்ளே பென்சில் தடிமனில் ஒரு குட்டி, அந்த அளவிலும் படத்தை விரித்துக்கொண்டு எழுந்தது. குட்டிதானே என்று நினைக்காதீர்கள், அதற்கும் விஷம் உண்டு. கட்டையை எடுத்துக்கொண்டு போகாமல் 999ஐக் கூப்பிடுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து இடுக்கியால் பிடித்துப் போவார்கள்.

வரிக் கடிதத்தில் பெயர் மாற்றாமல் விடுவது

வீட்டு மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்கு, வருடம் இரண்டு தடவை: பிப்ரவரி கடைசிக்குள், ஆகஸ்டு கடைசிக்குள். நில வரி நில அலுவலகத்துக்கு, சிலாங்கூரில் மே 31க்குள். பெயர் மாற்றாவிட்டால் கடிதம் பழைய சொந்தக்காரருக்கே போகும். தண்டம் மட்டும் உங்களுக்கு வரும்.

சொல்லாமல் சாலையில் கெமா (விசேஷப் பந்தல்) அடிப்பது

அனுமதி வாங்குங்கள். ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சொல்லுங்கள்.

பக்கத்துக் காலி நிலத்தில் குப்பை கொட்டுவது

கொட்டாதீர்கள்.

அந்தத் தம்பதி சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டார்கள். எங்களுக்கு பிளான் போட்டுக் கொடுத்தவரின் எண்ணைக் கொடுத்தேன். வருகிற புதன்கிழமை வந்து அளக்கிறார். சமையலறை இப்போது நாலு அடி குறையும். "அப்போ துணி துவைக்கிற மிஷினை எங்கக்கா வைக்கிறது?" என்று அந்தப் பெண் கேட்டாள். நேற்று சாயங்காலம் இரண்டு பேரும் அளவு நாடாவை விரித்துக்கொண்டு அவள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குனிந்து நின்றோம். மேல்மூடி திறக்கிற மிஷின் என்றால் இடிக்கும். முன்பக்கம் திறக்கிறது வாங்கினால் சரியாகப் பொருந்தும்.