தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சுவிட்ச்: பயனர் கையேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த மூன்று பேரின் வரைவுகளைத் திருத்தினேன். மூன்றும் மோனோபிளாக் பம்புக்கான, அதாவது மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக அமைந்த பம்புக்கான கையேடுகள். மூவரும் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் சறுக்கிய அதே இடம். எழுத்துப்பிழை, விடுபட்ட பக்க எண், மங்கிய படம் ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை யார் கண்ணிலும் படும்.

செயலுக்குப் பின்னால் வரும் எச்சரிக்கை

கிணற்று மேட்டில் வைக்கும் சாதாரண பம்புக்குக் காற்றை இழுத்து வெளியேற்றும் திறன் கிடையாது. உறிஞ்சு குழாயும் பம்பின் உட்பகுதியும் தண்ணீரால் நிறைந்திருந்தால்தான் நீர் மேலேறும். உள்ளே சுழலும் தண்டு (ஷாஃப்ட்) வழியே நீர் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலைக் குளிர வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடினால் சீலின் முகங்கள் சூடேறிக் கெட்டுப்போகும். பிறகு ஷாஃப்ட் வழியே ஒழுகத் தொடங்கும்.

நான் எழுதிய முதல் கையேட்டில் 6ஆம் படி: 'சுவிட்சைப் போடவும்.' அதற்குக் கீழே, கட்டம் கட்டி, தடித்த எழுத்தில்: 'குறிப்பு: தண்ணீர் நிரப்பாமல் பம்பை ஓட்டக் கூடாது.' பக்கம் அமைத்தபோது அந்தக் கட்டம் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை.

சில மாதங்கள் கழித்து, பழுது பார்ப்பவருடன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். பள்ளியில் படிக்கும் பேத்தி கையேட்டைச் சத்தமாக வாசிக்க, பெரியவர் ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார். ஆறாம் படியோடு பக்கம் முடிந்தது. வேலையும் முடிந்தது என்று நினைத்து, இருவரும் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வாய்க்காலுக்குப் போய்விட்டார்கள். வெறுமனே ஓட்டிக் கெட்ட சீலுக்கு உத்தரவாதம் கிடையாது. செலவு அவர் தலையில் விழுந்தது. "புத்தகத்தில் போட்டிருந்தபடிதானே தம்பி செய்தேன்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே, 'கட்டம் போட்டிருக்கிறோமே, எழுத்தை இன்னும் பெரிதாக்கிவிடலாமே' என்று யாராவது சொன்னால் இன்றும் எரிச்சல் வருகிறது. கையில் ஸ்பேனரோடு நிற்பவர் ஒரு வரியைக் கேட்பார், செய்வார், அடுத்த வரிக்கு வருவார். செய்து முடித்த வேலைக்குக் கீழே எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் அது அவருக்குப் பிந்திய செய்தி.

எச்சரிக்கையை ஒரு படியாகவே மாற்றிவிடுங்கள். '5. நிரப்பும் துளையின் மூடியைத் திறந்து, காற்றுக் குமிழிகள் நிற்கும் வரை தண்ணீர் ஊற்றவும். நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வு ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். 6. மூடியை இறுக்கவும். 7. சுவிட்சைப் போடவும்.' இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் நீங்களே பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இந்தத் தவறு பெரும்பாலும் ஆங்கில மூலத்திலிருந்து வருகிறது. அங்கே 'ஓட்டு' என்ற சொல் முதலில் வந்து, 'நிரப்பிய பிறகு' என்பது பின்னால் வரலாம். 'தண்ணீர் நிரப்பிய பிறகு ஓட்டவும்' என்னும்போது தமிழ் தானாகவே சரியான வரிசையைத் தந்துவிடுகிறது. அதை உடைத்து, 'ஓட்டவும். ஆனால் நீர் நிரப்பப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ளவும்' என்று எழுதுபவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

எல்லாவற்றுக்கும் 'எச்சரிக்கை'

எச்சரிக்கைக் குறிகளுக்கான அமெரிக்காவின் ஏஎன்எஸ்ஐ இசட்535 (ANSI Z535) தரநிலை ஆபத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது: உயிரையோ உடலையோ நிச்சயம் கடுமையாகப் பாதிப்பது, அப்படிப் பாதிக்கக்கூடியது, சிறிய அல்லது மிதமான காயம் தரக்கூடியது, பொருளுக்கு மட்டும் சேதம் தருவது. நம் கையேடுகளில் மின்சாரம் தாக்கும் என்பதற்கும், ஈரத்துணியால் துடைக்காதீர்கள் என்பதற்கும் ஒரே முக்கோணம், ஒரே சொல். நான்கு சொற்களை முடிவு செய்து, முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள்.

ஒரே பாகத்துக்கு மூன்று பெயர்

3ஆம் பக்கத்தில் வால்வு, 8ஆம் பக்கத்தில் அடைப்பிதழ், படத்தில் கவாடம். வாசிப்பவர் மூன்று பாகங்களைத் தேடுவார். உதிரிபாகக் கடையில் கேட்கும் பெயர் எதுவோ, கடைசி வரை அதுவே.

'இறுக்கப்பட வேண்டும்'

யார் இறுக்குவது? 'இறுக்கவும்.'

எழுதியவரே சோதிப்பது

பம்பையே தொட்டிராத ஒருவரிடம் வரைவைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். எந்த வரியில் விரல் நிற்கிறது, எங்கே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைக்கூட விளக்காதீர்கள். அவர் வீட்டில் நீங்கள் இருக்கப்போவதில்லை.

அந்த மூன்று வரைவுகளையும் அப்படித்தான் சோதித்தோம். வாசித்துச் செய்தவர் எங்கள் கேன்டீனில் வேலை செய்யும் அக்கா. இரண்டாவது வரைவில், பம்பு காய்ந்து கிடக்கும்போதே சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார். மின் இணைப்பை முன்பே கழற்றி வைத்திருந்தோம். எழுதிய பையன் எழுந்து போய் வரைவை வாங்கிக்கொண்டான்.