எம்83: குமரிக் கடற்கரையில் நின்று ஒரு சுருள் மண்டலத்தைப் பிடிப்பது எப்படி

எம்83 என்ற சுருள் விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) சுமார் 1.5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1752-இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து இதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய் கையில் இருந்தது அரை அங்குல வில்லை வைத்த, 8 மடங்கு பெரிதாக்கும் சின்னக் குழாய். உங்கள் 10×50 (10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. வில்லை) பைனாகுலர் அதைவிடப் பல மடங்கு ஒளி வாங்கும். 1781-இல் பாரிஸிலிருந்து பார்த்த வானியலாளர் மெசியேக்கு இது அடிவானத்திலிருந்து சுமார் 12 பாகைக்கு மேல் ஏறவில்லை. நாகர்கோவிலில் 52 பாகை! கடல்மூட்டம் அவ்வளவு உயரத்துக்கு வராது.

சித்திரை பிறக்கும்போது நள்ளிரவு 12.30 வாக்கில் நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும். மே நடுவில் 10.30-க்கே. அமாவாசையை ஒட்டிய நாட்களில் போங்கள். சித்ரா பௌர்ணமி வேண்டவே வேண்டாம், அன்று நிலா இந்தப் பக்கம்தான் நிற்கும். சிலை விளக்குகள் எரியும் முனையை விட்டு, சொத்தவிளை, சங்குத்துறை போல ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழும் கரையாகப் பாருங்கள். கோடை மழை பெய்து ஓய்ந்த இரவு கிடைத்தால் விடாதீர்கள், தூசி அடங்கியிருக்கும்.

அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். அதுவரை போனைத் தொடக்கூடாது. பிறகு, தெற்கே உயரத்தில் வெண்ணீலமாக மின்னும் சித்திரை நட்சத்திரத்தைப் பிடியுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் 10 பாகை. சித்திரைக்கு நேர் கீழே ஒரு முஷ்டியும் இரண்டு பாகையும் போனால் காமா ஹைட்ரா என்ற நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம், சற்றுத் தாழ, இன்னொரு முஷ்டி தள்ளி பை ஹைட்ரா என்ற நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவிலிருந்து 5 பாகை கீழே இறங்குங்கள். நட்சத்திரம்போல் கூர்மையாக இல்லாமல், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் ஒரு வெளுப்பு தெரிந்தால் அதுதான்.

தெரியவில்லையா? பெரும்பாலும் கை நடுக்கம்தான் காரணம். முக்காலியில் மாட்டி, அடியில் 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் கணவாய்க் காற்றுக்கு அதுவும் போதாது; சுவர் மறைவு வேண்டும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள், மங்கலான ஒளி ஓரக்கண்ணுக்குத்தான் படும்.

பைனாகுலரில் மண்டலத்தின் நடுக்கரு மட்டுமே தெரியும். சுருள் கைகளுக்கு 8 அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் வேண்டும். 25 மி.மீ. கண்வில்லையில் தேடிப் பிடித்து, பிறகு இன்னும் பெரிதாக்கிக் காட்டும் 15 மி.மீ. கண்வில்லைக்கு மாற்றுங்கள்.

திரும்பியதும் வில்லையைத் துணியால் துடைக்காதீர்கள். உப்புத்துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த தாளால் அழுத்தாமல் ஒற்றியெடுங்கள்.