டைனோசர்களின் உடற்சூடு: வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டைனோசர் புதைபடிவங்கள் கிடைத்த கோல்டன் கேட் மலைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் டர்பன் குடும்பங்களுக்கும், பள்ளிக்காக இதைப் பற்றி எழுதும் மாணவர்களுக்கும் சொல்ல வேண்டிய முதல் விஷயம்: "வெப்ப இரத்தமா, குளிர் இரத்தமா" என்று கேட்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடலுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது? அந்தச் சூடு எவ்வளவு நிலையாக நிற்கிறது? நம் உடல் தானே சூட்டை உண்டாக்கி 37 டிகிரியில் வைத்துக்கொள்கிறது. பல்லி வெயில் காய்கிறது. நடுவிலும் உயிர்கள் உண்டு. சூரை மீன் தன் நீச்சல் தசைகளைக் கடல் நீரைவிடச் சூடாக வைத்திருக்கும். எக்கிட்னா பாலூட்டிதான், ஆனாலும் அதன் உடற்சூடு நம்முடையதைவிடக் குறைவு, ஏறி இறங்கவும் செய்யும். டைனோசர்கள் வளர்ந்த வேகத்தைக் கணக்கிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவற்றை இந்த நடு இடத்தில்தான் வைத்தது.

நம் நாட்டில் மட்டும் அதிகம் நடக்கும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் கரூ பகுதியின் பழம்பாறைகளில் கிடைக்கும் லிஸ்ட்ரோசாரஸ், கோர்கனாப்சியன் என்ற அழிந்துபோன விலங்குகள் டைனோசர்கள் அல்ல. பாலூட்டிகளின் வழிக்கு உறவான உயிர்கள். அவற்றின் உடற்சூடு பற்றிய முடிவை டைனோசர் வாதத்தில் சான்றாகக் கொண்டுவரக் கூடாது.

அடுத்தது, வெப்பநிலை எண்ணைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிடுவது. 2011இல் நீள்கழுத்து டைனோசர்களின் பல் எனாமலில் (பல்லின் கடினமான மேல்பூச்சில்) ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளந்து வெப்பநிலையைக் கணித்தபோது 36 முதல் 38 டிகிரி வரை வந்தது. ஆனால் பல டன் உடல், அண்டாவில் காய்ச்சிய தண்ணீரைப் போல, மெல்லத்தான் ஆறும். உள்ளே பெரிய அடுப்பு எரியாமலும் இந்த எண் வரலாம். ஆகவே குஞ்சுகளிலும் சிறிய இனங்களிலும் கிடைத்த அளவுகளைத் தேடிப் பாருங்கள். அளவு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். எலும்பில் நுண்துளைகள் அதிகம். நிலத்தடி நீர் புகுந்து ஐசோடோப்பை மாற்றிவிடும். எனாமல் அடர்த்தியானது, அதனால் அதை அதிகம் நம்பலாம்.

மிகப் பெரிய தவறுகள், மரத்தில் போல ஆண்டுதோறும் எலும்பில் பதியும் வளர்ச்சி வளையங்களைப் படிப்பதில்தான் நடக்கின்றன. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் அனுசுயா சின்சாமி-துரன், நம் மண்ணின் டைனோசரான மாசோஸ்பாண்டிலஸின் எலும்பில் இந்த வளையங்களை ஆராய்ந்தவர். "வளையம் இருந்தால் குளிர் இரத்தம்" என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். 2012இல் வெப்பமண்டலம் முதல் துருவப் பகுதி வரை வாழும் அசைபோடும் பாலூட்டிகளின் தொடை எலும்புகளைப் பார்த்தபோது அவற்றிலும் வளையங்கள் இருந்தன. வறண்ட பருவத்திலோ குளிரிலோ வளர்ச்சி நின்றது என்பதைத்தான் வளையம் சொல்கிறது. பார்க்க வேண்டியது இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள திசுவை. இரத்தக்குழாய்த் தடங்கள் நெருக்கமாகவும் நார்கள் ஒழுங்கில்லாமலும் இருந்தால் வேகமான வளர்ச்சி; அதற்கு உடலுக்குள் அதிக ஆற்றல் எரிய வேண்டும். தடங்கள் குறைந்து நார்கள் வரிசையாகப் படிந்திருந்தால் மெதுவான வளர்ச்சி.

நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக எலும்பை வெட்டுவதிலும் பிழை வரும். தொடை எலும்பின் நடுத்தண்டில் வெட்ட வேண்டும். மூட்டுப் பக்கம் வளரும்போதே உருமாறிக்கொண்டிருப்பதால் வளையம் அழிந்திருக்கும். துண்டை எபாக்சி பிசினில் பதித்து, வைர ரம்பத்தால் அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, சிலிக்கான் கார்பைடு பொடியைக் கரடிலிருந்து நைசாக மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். ஒளி நன்றாக ஊடுருவ 0.1 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக வேண்டும். தடிமனாக விட்டால் நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். அளவு மீறித் தேய்த்தால் எலும்பே உரிந்து போகும்.

எண்ணும்போது, மஜ்ஜைக் குழி பெரிதாகப் பெரிதாக உள் வளையங்கள் தின்னப்பட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். எஞ்சியதை மட்டும் எண்ணினால் வயது குறைவாக வரும். இளம் விலங்கின் எலும்புப் படத்தை மேலே வைத்து ஒப்பிட்டு, காணாமல் போனதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒட்டி ஒட்டி நிற்கும் இரட்டைக் கோடு ஒரே ஆண்டுடையதாக இருக்கலாம். கோல்டன் கேட் பூங்காவை ஒட்டிய கிளாரன்ஸ் ஊருக்கு அருகே கிடைத்து 2018இல் பெயரிடப்பட்ட 12 டன் டைனோசரான லெடுமஹாடிக்குச் சுமார் 14 வயது என்றும், அது முழுமையாக வளர்ந்துவிட்டது என்றும் இப்படித்தான் தெரிந்தது: வெளி ஓரத்தில் வளையங்கள் நெருங்கியிருந்தன.

ஒரே ஒரு எலும்பை வைத்து முழு இனத்துக்கும் முடிவு சொல்வதும் கூடாது. மாசோஸ்பாண்டிலஸில் வயதைக் கொண்டு உடல் அளவைச் சொல்ல முடியவில்லை என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

பழைய சான்றுகளில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். 2000இல் தெஸ்கெலோசாரஸ் என்ற டைனோசரின் இதயம் என்றும், வெப்ப இரத்தத்துக்குச் சான்று என்றும் புகழ்பெற்ற கட்டி, 2011 ஆய்வில் இறுகிய மணல் என்று தெரிந்தது.

"டைனோசர்கள்" என்று மொத்தமாகப் பேசுவதுதான் எல்லாவற்றிலும் பிடிவாதமான தவறு. பறவைகளும் அந்தக் கிளையிலிருந்து வந்தவை. அவற்றின் உடற்சூட்டைப் பற்றி ஐயமில்லை. எலும்பில் எஞ்சிய வேதித் தடயங்களைப் பார்த்த 2022 ஆய்வு, இரு கால் கொன்றுண்ணிகளுக்கும் நீள்கழுத்து இனங்களுக்கும் உயர்ந்த வளர்சிதை மாற்றத்தையும், ஸ்டெகோசாரஸ், டிரைசெராடாப்ஸ் ஆகியவற்றுக்குத் தாழ்ந்ததையும் காட்டியது. 2024 ஆய்வோ புதைபடிவங்கள் கிடைத்த இடங்களைப் பண்டைய தட்பவெப்பத்தோடு பொருத்தி, நீள்கழுத்து இனங்கள் வெப்பப் பகுதிகளை விட்டு அதிகம் விலகவில்லை, அதாவது அவை வெளிச் சூட்டை நம்பியிருந்திருக்கலாம் என்கிறது. நீள்கழுத்து இனங்களைப் பற்றி எழுதுகிறவர் இரண்டையும் சொல்லி, எந்த முடிவு எதை அளந்ததால் வந்தது என்பதையும் உடன் எழுத வேண்டும்.