உப்பைப் பாக்கெட் கணக்கில் கேட்கச் சொல்லுங்கள்

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்கள், பிரஷர் உள்ளவரிடம் "உப்பு அதிகமா சேர்ப்பீங்களா?" என்று கேட்க வேண்டாம். "ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும்மா? வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்கப் பழக்குங்கள்.

முதல் கேள்விக்கு "கம்மிதான் டாக்டர்" என்றுதான் பதில் வரும். பேச்சு அதோடு முடிந்தது. பாக்கெட் கணக்கு சமைப்பவருக்கு மனப்பாடம், குற்றம் சாட்டுவதுபோலவும் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். அப்படியானால் நாலு பேர் வீட்டில் கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் தலைக்கு 8 கிராமுக்கு மேல். இதைச் சொல்லிவிட்டு, "எதுல குறைக்கலாம்மா?" என்று கேட்டு, பதில் வரும்வரை மாணவர் பேசாமல் இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்: ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று தாங்களே ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். நோயாளி தன் வாயால் சொன்ன ஒன்றைத்தான் வீட்டில் செய்து பார்ப்பார்.

மெஸ், ஓட்டல் சாப்பாட்டை நம்பியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. மீன் கழுவவும் அதே உப்புதான் என்றால், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.