குடலிறக்க அறுவைக்குப் பின் ஆறு வாரம்: கிரிக்கெட் அறையில் எதைத் தொடலாம், எதைத் தூக்கக் கூடாது

எங்கள் வீட்டின் பின்பக்க அறை பத்தடிக்கு ஒன்பதடி. மகன் வேலைக்காகப் புனே போன பிறகு அது என் கிரிக்கெட் அறையாகிவிட்டது. 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் என் சட்டைப் பையில் இருந்த டிக்கெட்டின் பாதி, 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியினர் கையெழுத்திட்ட மட்டை, பரண் கொள்ளாத அளவுக்கு ஸ்போர்ட்ஸ்டார் இதழ்கள், வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டபடி நான் எழுதிய ஸ்கோர் நோட்டுகள் பதினான்கு. சென்ற ஆண்டு வலது பக்கக் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டபோது, ஆறு வாரப் பகல்பொழுதுகளை இந்த அறையில்தான் கழித்தேன். அந்த நாட்களில் எனக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை. பதினாறாம் நாள் என்னைத் திரும்ப மருத்துவமனைக்குப் போக வைத்ததும் இதே அறைதான். என்னைப் போல எதையாவது சேர்த்து வைத்திருப்பவர்கள், அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருந்தால், இது அவர்களுக்காக.

வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓர் இடத்தின் வழியே குடலோ கொழுப்போ பிதுங்குவதுதான் குடலிறக்கம். எனக்குத் தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. நின்றால் தெரியும், படுத்தால் உள்ளே போய்விடும். சிலருக்குச் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி முறையில் செய்கிறார்கள். எனக்கு முதுகில் ஊசி போட்டு, திறந்து செய்தார்கள். பிதுங்கியதை உள்ளே தள்ளி, அந்த இடத்தில் பாலிப்ரொப்பிலீன் வலை வைத்துத் தைத்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த வலையைப் பற்றித் தெரிந்துகொள்வது முக்கியம். அது தையலால் மட்டும் நிற்பதில்லை. நம் உடலின் சதை அதன் கண்ணிகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மேல் தோல் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒட்டிவிடும், வலியும் குறைந்துவிடும், உள்ளே வேலை பாதிகூட முடிந்திருக்காது. வலி குறைந்ததும் நம் கை தானாகப் பெட்டியைத் தேடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அறுவைக்கு முந்தைய வாரம்

இந்த ஒரு வாரத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் பிறகு வரும் ஆறு வாரமும் நிம்மதி. விதி ஒன்றுதான்: அறுவைக்குப் பின் நீங்கள் தொடப்போகும் பொருள் எல்லாம் உங்கள் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். பரணில் இருப்பதை இறக்கிவிடுங்கள், கட்டிலுக்கு அடியில் இருப்பதை மேலே ஏற்றிவிடுங்கள். குனிவதும் எக்குவதும் ஆறு வாரத்துக்கு உங்கள் வேலை அல்ல. இறக்குவதும் ஏற்றுவதும்கூட உங்கள் வேலை அல்ல, ஏற்கெனவே குடலிறக்கம் உள்ள வயிறு அது. என் தம்பி மகன் வந்து செய்து கொடுத்தான். "பெரியப்பா, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் காட்டினால் போதும்" என்று சொல்லி, என்னை எழுந்திருக்கவே விடவில்லை.

பெரிய கட்டுகளைப் பிரித்துவிடுங்கள். எனக்கு விதித்த வரம்பு ஐந்து கிலோ. ஓர் ஆண்டின் ஸ்போர்ட்ஸ்டார் இதழ்களைக் கயிறு போட்டுக் கட்டி எடை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தேன், ஏழரை கிலோ காட்டியது. பார்ப்பதற்கு ஏழரை கிலோ போலவே தெரியாது. காகிதத்தின் எடை கண்ணை ஏமாற்றும். மும்மாதத்துக்கு ஒரு கட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவில் நிற்கும்.

அடுத்தது தூசி. பழைய காகிதம் இருக்கும் அறையில் தும்மல் வராமல் இருக்காது. தொடை இடுக்கில் தையல் இருக்கும்போது ஒரு தும்மல் என்ன செய்யும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வெட்டுப்பட்ட இடத்தை யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். ஆகவே அறுவைக்கு இரண்டு நாள் முன்பே அறையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அலமாரிகளின் மேல்பரப்பு, மின்விசிறி இறக்கை, சட்டங்களின் மேல் விளிம்பு மூன்றையும் விட்டுவிடாதீர்கள். பழைய இதழ்களைப் புரட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நாஃப்தலீன் உருண்டைகளை அப்புறப்படுத்திவிடுங்கள். நாள் முழுக்க அடைத்த அறையில் அந்த வாடையை மூச்சில் இழுப்பது நல்லதல்ல.

கைப்பிடி உள்ள, சற்று உயரமான நாற்காலி ஒன்று வேண்டும். சோபா வேண்டாம். அதிலிருந்து எழுவதற்கு வயிற்றுத் தசை முழுவதும் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

முதல் வாரம்

இந்த வாரம் அறைக்குள் நடக்க மட்டும் போங்கள். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழக் கூடாது. முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் சிறு தலையணையை வெட்டுப்பட்ட இடத்தில் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். எனக்கு அந்தத் தலையணை ஆறு வாரமும் இடுப்போடு ஒட்டிய பொருள்.

நடப்பது கட்டாயம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், மலச்சிக்கலும் சேரும். என் படுக்கையிலிருந்து கிரிக்கெட் அறையின் கடைசிச் சுவர் வரை இருபத்திரண்டு எட்டு. அந்தச் சுவரில் ஐந்து படங்களை மாட்டி வைத்திருந்தேன். ஒரு நடைக்கு ஒரு படம் என்று கணக்கு. முதலில் வினூ மன்கட்: 1952இல் இதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்று இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி, அவருக்குப் பன்னிரண்டு விக்கெட். அடுத்த நடைக்கு விஸ்வநாத், 1975இல் மேற்கிந்தியத் தீவுகளின் ராபர்ட்ஸின் வேகத்துக்கு எதிரே ஆட்டமிழக்காமல் 97. பிறகு 1983 டிசம்பரில் கவாஸ்கர் 236. பிறகு 1988 ஜனவரியில் தன் முதல் டெஸ்டிலேயே பதினாறு விக்கெட் எடுத்த ஹிர்வானி. கடைசியாக 1999இல் முதுகு வலியோடு 136 எடுத்துவிட்டுத் தலைகுனிந்து வெளியேறும் சச்சின். ஐந்து படம் முடிந்தால் ஐந்து நடை. காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று தொடங்கி, வாரக் கடைசியில் இரு மடங்காக்கினேன். எண்ணிக்கொண்டு நடப்பதைவிட இது எவ்வளவோ எளிது, அடுத்த படம் நம்மைக் கூப்பிடும்.

மலச்சிக்கலை அலட்சியப்படுத்தாதீர்கள். சில வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்கும், முக்கினால் தையலில் அழுத்தம் விழும். எனக்கு இரவில் வெந்நீரில் இசப்கோல், காலையில் பப்பாளி, மதியம் கீரை, நாள் முழுக்கத் தண்ணீர். என் மனைவி மேசையில் சொம்பை வைத்துவிட்டு, "என்னங்க, நான் திரும்பி வரும்போது இது காலியாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் விரைப்பை நீலமும் ஊதாவுமாகக் கன்றிப்போய் வீங்கியிருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். ரத்தக்கசிவு கீழே இறங்குவதால் இப்படி ஆவது வழக்கம், ஒன்றிரண்டு வாரத்தில் வடியும் என்றார் டாக்டர். வெட்டுக்கு அடியில் கெட்டியாக வரப்பு போலத் தட்டுப்படுவதும், சுற்றிலும் மரத்துப் போவதும்கூடப் பெரும்பாலும் இயல்பானவையே. ஆனால் காய்ச்சல், வெட்டிலிருந்து சீழ், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் கூடும் வலி, சிறுநீர் பிரியாமை, நிற்காத வாந்தி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

மேசை வேலை

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு தடவைக்கு அரைமணி நேரம் உட்கார முடிந்தது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நடை. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட வேலைகள் அப்போதுதான் கைக்கு வந்தன. எடை இல்லாத, அவசரமில்லாத, உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலைகள்.

முதலில் எடுத்தது அந்த 1986 டிக்கெட். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த டெஸ்ட், இரு அணியின் மொத்த ஓட்டமும் ஒன்றாகி, 'டை' ஆக முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி நடந்தது 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு இரண்டாவது முறை. டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த ஆட்டம். இந்தியாவுக்கு 348 இலக்கு, 347இல் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ., எதிர்முனையில் ரவி சாஸ்திரி 48இல் நின்றுகொண்டிருந்தார். டிக்கெட் மடிப்பில் கிழிந்ததால் எப்போதோ செல்லோடேப் ஒட்டியிருந்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். டேப் தேன் நிறத்துக்கு மாறி, ஓரங்களில் சுருண்டிருந்தது. அதன் அடியில் இருந்த எழுத்துகள் மட்டும் எண்ணெய் பட்டது போல ஊடுருவித் தெரிந்தன. பசை முற்றிலும் காய்ந்திருந்த ஒரு முனையில் மெல்லிய அட்டையை நுழைத்ததும் டேப் தானாகக் கழன்று மேசையில் விழுந்தது. மறுமுனையில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது, அதைத் தொடவில்லை. இழுத்திருந்தால் எழுத்தும் கூடவே வந்திருக்கும். கறையை நீக்கவும் முயலவில்லை. கறை படிந்த டிக்கெட் டிக்கெட்தான், எழுத்துப்போன டிக்கெட் வெறும் காகிதம்.

டிக்கெட், கையெழுத்து, புகைப்படம் எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள். சூடும் பசையும் ஏறிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. பி.வி.சி. உறையும் வேண்டாம், நாளடைவில் மையை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை நல்லது. செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் இருக்கிறது. பழுப்பாவது அதனால்தான், பக்கத்தில் வைத்த படத்தையும் கறைப்படுத்தும். நறுக்குகளுக்கு இடையே அமிலமற்ற தாள் வையுங்கள், ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோர் நோட்டுகளில் இரண்டை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. சென்னையின் ஈரக்காற்றில் அது செழிக்கும். மழைத்தண்ணீர் இறங்கும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அடுக்குகளில் சிலிக்கா ஜெல் பொட்டலமும், மெல்லிய துணியில் முடிந்த வசம்புத் துண்டும் வைத்திருக்கிறேன். சுவடி காத்தவர்கள் கையாண்ட முறை அது.

கையெழுத்துள்ள மட்டை ஜன்னலுக்கு எதிரே இருந்தது. மூன்று பெயர்கள் ஏறக்குறைய மறைந்துவிட்டன, அது என் தவறு. மை வெயிலைத் தாங்காது. மட்டையை நிழல் சுவருக்கு மாற்றச் சொன்னேன். மாட்டும்போது ஒன்றைக் கவனித்தேன்: எல்லாச் சட்டங்களும் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு நேராகவே இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தால் கண்மட்டம் தரையிலிருந்து நான்கடிதான். சட்டங்களை எல்லாம் அந்த உயரத்துக்கு இறக்கினோம். இப்போதும் அப்படியே இருக்கின்றன. அறையில் நாம் நிற்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம்.

பதினாறாம் நாள்

மதியம். வீட்டில் வேறு யாரும் இல்லை. வலி ஏறக்குறைய போயிருந்தது. மேசைக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி, அதை மட்டும் முன்கூட்டி எடுக்க மறந்துவிட்டோம். தூக்கப் போவதில்லை, இழுக்கத்தான் போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குனிந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். பெட்டி அரையடி நகர்ந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் சூடான கம்பி பாய்ந்தது போல வலி. அப்படியே தரையில் உட்கார்ந்து, மனைவி வரும்வரை அசையவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், ஸ்கேன் எடுத்தார். வலை இடம் மாறவில்லை, தசை இழுத்துக்கொண்டது என்றார். தப்பித்தேன், ஆனால் மேலும் ஒரு வாரம் மேசைப் பக்கம் போகவில்லை. இழுப்பதும் தள்ளுவதும் தூக்குவதற்குச் சமம். வயிற்றுத் தசைக்கு இவற்றில் வித்தியாசம் தெரியாது.

கடைசி ஓவர் வரை இழுக்கும் ஆட்டம் பார்க்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். விக்கெட் விழுந்ததும் துள்ளி எழுவது நமக்குப் பழக்கம். தலையணையை மடியில் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டு பாருங்கள், எழுவதற்கு முன் கை தானாக அழுத்திக்கொள்ளும். முதல் இரண்டு வாரத்துக்குப் பழைய ஆட்டங்களே உத்தமம். முடிவு தெரிந்திருக்கும், உடம்பு அமைதியாக இருக்கும், பார்க்கவும் அலுக்காது.

இரு சக்கர வாகனம், மாடிப்படியில் சுமை, சுவரில் துளை போடுவது, ஸ்டூலில் ஏறுவது எல்லாம் டாக்டர் சரி சொன்ன பிறகுதான். எனக்கு ஆறாம் வாரம் முடிந்து அனுமதி கிடைத்தது. உங்களுக்கு வேறாக இருக்கலாம், உங்களை அறுத்தவர் சொல்வதே கணக்கு.

அந்த டிரங்குப் பெட்டியில் இருந்தவை இப்போது ஆறு சிறிய அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதன் பட்டியலும் எடையும் தடித்த பேனாவில் எழுதியிருக்கிறது. 1999 பாகிஸ்தான் டெஸ்ட், நறுக்குகள், 3.2 கிலோ. 2001 ஆஸ்திரேலியா டெஸ்ட், ஹர்பஜன், 2.8 கிலோ. காலி டிரங்கைத் தம்பி மகன் எடுத்துப்போய்விட்டான்.