புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள்

வெளிநாட்டில் புது வீட்டுக்குள் போனதும் வைஃபை பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் கூரையை நிமிர்ந்து பாருங்கள். வெள்ளையாக, வட்டமாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் புகை அலாரம். பட்டனை அழுத்தினால் காது கிழிய வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அப்புறம் மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். பொதுவாகப் பின்பக்கம் தேதி இருக்கும். 10 வருஷம் தாண்டியிருந்தால் சத்தம் வந்தாலும் நம்பாமல் மாற்றச் சொல்லுங்கள்.

சமைக்கும்போதெல்லாம் கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றுவதும், மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டுவதும் நம்மவர்களிடம் சகஜம். தயவுசெய்து வேண்டாம். தூங்குகிறவரைப் புகை வாசம் எழுப்பும் என்று நம்ப முடியாது, அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு மயக்கத்தில்தான் தள்ளும். கத்தினால் ஜன்னலைத் திறந்து துண்டால் விசிறுங்கள், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு ஒரு தடவை 'கீச்' என்றால் பேட்டரி தீரப் போகிறது.

அடுத்தது எண்ணெய்ச் சட்டி. அதில் தீப்பிடித்தால் கை தானாகத் தண்ணீருக்குத்தான் போகும், ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து எரிகிற எண்ணெயை முகத்தில் வீசும். மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள், அடுப்பை அணையுங்கள், நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். மின்சார அடுப்பை அணைத்த பிறகும் தட்டு வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும், கேஸுக்குப் பழகியவர்கள் இதை மறந்து பக்கத்தில் துணியைப் போட்டுவிடுவார்கள்.

ஹீட்டரிலிருந்து கட்டிலும் திரைச்சீலையும் 1 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், அதை எக்ஸ்டென்ஷனில் மாட்டாமல் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். துணி காயவைக்கும் ட்ரையரின் வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுத்துவிடுங்கள். மின்சார ஸ்கூட்டரை வாசல் கதவருகே சார்ஜ் போடாதீர்கள், அது பற்றினால் வெளியே போகும் வழியே அடைபட்டுவிடும்.

சரி, தீ கையை மீறிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுங்கள், புகை இருந்தால் தவழ்ந்து போங்கள், லிப்ட் வேண்டாம். எதிரே மூடிய கதவு இருந்தால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறு வழி. வெளியே வந்த பிறகு போன்: அமெரிக்கா, கனடாவில் 911, பிரிட்டனில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, ஆஸ்திரேலியாவில் 000. பாஷை தடுமாறினாலும் பரவாயில்லை, முதலில் முகவரியைச் சொல்லுங்கள். அதற்காகவே அதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, குழந்தைகளுக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள்.

பாஸ்போர்ட், விசாத் தாள்களை எடுக்கிறேன் என்று திரும்ப உள்ளே ஓடுகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் இன்றைக்கே படமெடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். தீயணைப்புக்காரர்கள் சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.