பொங்கல் மாலை ஆறரைக்கு, சைற்றில் பகல் ஒரு மணிக்கு

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கோயிலின் இணையத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வைகாசியில் பொங்கல் மாலை 6.30க்குத் தொடக்கம் என்று கலண்டர் பிளகினில் (தளத்தோடு சேர்த்துப் போடும் சிறு மென்பொருள்) போட்டேன். பக்கத்தைத் திறந்தால் பகல் 1.00 என்று நிற்கிறது. அந்த அவசரத்தில் நான் செய்ததுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு: நிகழ்ச்சியைத் திறந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டி, நள்ளிரவு 12.00 என்று மாற்றினேன். பக்கம் இப்போது 6.30 காட்டியது. பிரச்சினை முடிந்தது என்று படுத்துவிட்டேன்.

விடிய ஒஸ்லோவில் இருக்கும் ஒரு அண்ணையிடமிருந்து வட்ஸ்அப் குரல்பதிவு. "தம்பி, உங்கட சைற்றில இருந்து என்ர போன் கலண்டருக்கு எடுத்தனான். இங்க இரவு எட்டரை எண்டு காட்டுது. அப்ப அங்க சாமமெல்லோ?"

அவர் சொன்னது சரி. அங்கே கோடையில் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் பின். நான் கையால் கூட்டியது தரவுக்குள்ளேயே போய்விட்டது. என் பக்கம் மட்டும் சரியாகத் தெரிந்தது, வெளியே போன நேரம் எல்லாம் பிழை. உண்மையான காரணம் மிகச் சின்னது. நிகழ்ச்சிக்குக் கொழும்பு நேர வலயத்தைக் கொடுத்திருந்தேன், தளமோ யுடிசியில் (உலகப் பொது நேரம், நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்) கிடந்தது, பிளகினும் எல்லாவற்றையும் தள நேரத்தில் காட்டும்படி இருந்தது. தளம் ஓடும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் யுடிசியில்தான் நிற்கும். அதன் பொது அமைப்புகள் (General Settings) பக்கத்துக்குள் போய் ஒரு தடவை கொழும்பைத் தெரிவு செய்திருந்தால் ஒரு நிகழ்ச்சியையும் தொட்டிருக்கத் தேவையில்லை.

அதனால் நேரம் பிழைத்தால் முதலில் எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். அந்த வித்தியாசமே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ஐந்தரை மணித்தியாலம் முந்திக் காட்டினால் எங்கோ ஒரு இடம் யுடிசியில் நிற்கிறது. 6.30க்குப் போட்டது நள்ளிரவு 12.00 என்று பிந்திக் காட்டினால், ஏற்கெனவே உள்ளூர் நேரமாக இருந்ததை யுடிசி என்று நினைத்து இன்னொரு தடவை ஐந்தரையைக் கூட்டியிருக்கிறது. அரை மணி மட்டும் பிசகினால், யாரோ எழுதிய நிரலில் ஐந்தரையை ஐந்தாகவோ ஆறாகவோ வெட்டியிருக்கிறார்கள். முழு மணிக் கணக்கு மட்டுமே தெரிந்த நாடுகளில் எழுதப்படும் பிளகின்களில் இது நடக்கும். ஒரு மணித்தியாலம் பிசகினால் கோடைகால நேரம், அதாவது சில நாடுகள் கோடையில் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளுவது. இதில்தான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள்.

நம் நாட்டில் மணிக்கூட்டைத் திருப்புவதில்லை. அதனால் நேர வலயப் பட்டியலில் 'யுடிசி+5.30' என்பதைத் தெரிவு செய்தாலும் 'ஏசியா/கொழும்பு' என்பதைத் தெரிவு செய்தாலும் இன்றைய திகதிக்கு ஒன்றுதான். அந்தப் பழக்கத்திலேயே ஒரு சங்கத்தின் ரொறன்ரோ கிளைக்குத் தளம் செய்யும்போதும் 'யுடிசி-5' என்று போட்டுவிடுகிறோம். பனிக்காலம் முழுக்கச் சரியாக இருக்கும். மார்ச்சில் ஒரு ஞாயிறு விடிய, எல்லா நிகழ்ச்சியும் ஒரு மணித்தியாலம் பிழை. ஊரின் பெயருக்குள் எப்போது மணிக்கூடு மாறும் என்ற விதி இருக்கிறது, வெறும் எண்ணுக்குள் அது இல்லை. எப்போதும் ஊரின் பெயரையே தெரிவு செய்யுங்கள். அவுட்லுக்கில் கொழும்பைத் தேடிக் களைக்க வேண்டாம், அங்கே 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று இருக்கும். அறிவித்தலில் 'ஐஎஸ்டி' என்று எழுதுவதையும் விடுங்கள். இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றுக்கும் அதே சுருக்கம்தான்.

திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சி இன்னும் சிக்கல். பழைய மாணவர் சங்கம் ஒன்று ரொறன்ரோ கிளையோடு சனிக்கிழமை தோறும் சூமில் கூடுகிறது என்று வையுங்கள். ரொறன்ரோவில் இரவு 9.00. கோடையில் அது நமக்கு ஞாயிறு காலை 6.30, பனிக்காலத்தில் 7.30. ஐரோப்பாவும் கனடாவும் ஒரே நாளில் மாறுவதில்லை என்பது வேறு. 2026இல் ரொறன்ரோ மார்ச் 8ஆம் திகதி மாறும், லண்டனும் ஒஸ்லோவும் மார்ச் 29ஆம் திகதி. நடுவில் மூன்று கிழமை ஒருவரின் கணக்கும் மற்றவருக்குப் பொருந்தாது. கூட்டம் யாருடைய மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டது என்பதைச் சங்கத்தில் பேசித் தீர்த்துவிட்டு, அந்த ஊரின் வலயத்தை நிகழ்ச்சிக்குக் கொடுங்கள். இதைப் பிளகின் தீர்த்துவைக்காது. ரொறன்ரோவுக்கு ஒன்பது மணி என்றால் ரொறன்ரோ, நமக்கு ஆறரை என்றால் கொழும்பு. இரண்டு பக்கத்துக்கும் மாறாத நேரம் என்று ஒன்று கிடையாது.

அடுத்தது நாள் பிசகுவது. மடு மாதாவின் ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. அதை 'முழுநாள் நிகழ்ச்சி' என்று குறிக்காமல் 15ஆம் திகதி 00.00 மணி என்று போட்டால், ரொறன்ரோக்காரரின் போனில் அது 14ஆம் திகதி பிற்பகல் 2.30. பேருந்து ஒழுங்குபடுத்துபவர்கள் பாவம். திகதி மட்டுமே முக்கியமான நிகழ்ச்சிக்கு நேரமே கொடுக்காதீர்கள்.

இதோடு நம் பேச்சு வழக்கும் சேர்ந்துகொள்ளும். வற்றாப்பளைப் பொங்கல் வைகாசித் திங்கட்கிழமை. இரவிரவாக நடக்கும். "திங்கள் இரவு ஒரு மணிக்கு வா" என்றால் முல்லைத்தீவில் எல்லாருக்கும் விளங்கும். கணினிக்கு அது செவ்வாய். திங்கள் என்று தெரிவு செய்து 1.00 ஏஎம் போட்டால் ஒரு நாள் முந்திவிடும். நான் இப்போது கலண்டரில் செவ்வாய் என்று சரியாகப் போட்டுவிட்டு, தலைப்பிலேயே 'திங்கள் பின்னிரவு' என்று எழுதிவிடுவேன். பார்க்கக் கொஞ்சம் முரணாக இருக்கும், பரவாயில்லை.

பழைய நிகழ்ச்சிகளை ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று. மின்வெட்டுக் காலத்தில், 1996 மே மாதம், அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணி குறைத்து யுடிசி+6 ஆக்கியது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை எடுக்கவேயில்லை. சமாதான காலத்தில் வவுனியாவிலிருந்து ஓமந்தை தாண்டி வந்தவர்கள் மணிக்கூட்டை அரை மணி பின்னே திருப்பியது ஞாபகம் இருக்கும். கணினியின் வலயப் பட்டியலில் கொழும்பின் கதை மட்டும் இருக்கிறது, வன்னிக்கென்று தனிப் பெயர் இல்லை. ஆகவே 2003ஆம் ஆண்டுப் பாடசாலை விளையாட்டுப் போட்டியை 'யுடிசி+5.30' இல் சேமித்துவிட்டுப் பிறகு கொழும்புக்கு மாற்றினால், பிற்பகல் 2.00 என்றது 2.30 ஆகிவிடும். பிளகினில் பிழை இல்லை, கொழும்பில் அன்று அப்படித்தான் இருந்தது. அந்தப் பத்து வருடத்து நிகழ்ச்சிகளுக்கு மட்டும் நான் எண் வலயத்தையே விட்டுவைக்கிறேன். மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

எல்லாம் சரியாக வைத்தும் பழைய நேரமே தெரிந்தால் கேஷை (சேமித்துவைத்த பழைய பக்கப் பிரதியை) அழியுங்கள். பாதி முறைப்பாடுகள் அதோடு போய்விடும். நினைவூட்டல் மின்னஞ்சல் பிந்துவது வேறு கதை. குறித்த நேரத்தில் வேலைகளைச் செய்யும் வேர்ட்பிரஸின் உள் நேரசூசி யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ஓடும், சாமத்தில் யார் கோயில் சைற்றுக்கு வரப்போகிறார்கள்?

இப்போது திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு பரிசோதனை நிகழ்ச்சி போட்டு, ஒஸ்லோ அண்ணைக்கும் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கும் இணைப்பை அனுப்பி, போனில் என்ன காட்டுகிறது என்று படம் பிடித்து அனுப்பச் சொல்வேன். போன தடவை அண்ணை படத்தோடு ஒரு வரியும் எழுதியிருந்தார்: "மூண்டு மணி. இந்த முறை சாமமில்லை."